பருவமும் பந்தியும்

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நேரம். விடியலுக்கு முன்பே தூறத் தொடங்கிய மழை இன்னும் விட்டபாடில்லை. புதுவையின் பெரிய மார்க்கெட்டு, சேறும் செருப்பும் சாக்குப் பைகளுமாக விழித்துக்கொண்டிருக்கிறது. கூபேர் அங்காடி என்று அரசாங்க ஏடு அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறது. மக்கள் நாவில் அது என்றும் பெரிய மார்க்கெட்டுதான். தாழ்வாரத்து ஓரத்தில், ஒழுகும் தார்ப்பாயின் கீழ், பாகூர்ப் பக்கத்திலிருந்து முதல் பேருந்தில் வந்திறங்கிய மூதாட்டி ஒருவர் கூடையைக் கவிழ்க்கிறார். ஒரு குவியல் அவரை. ஒரு குவியல் பாகல். நாலைந்து பரங்கிக் கீற்று. சாக்கில் பொதிந்து பக்குவமாகக் கொண்டுவந்த சீத்தாப்பழம் இருபதோ முப்பதோ.

அன்றே, அரை நாழிகைத் தொலைவில், கடற்கரையை ஒட்டிய அகன்ற தெருக்களில் ஒன்றில் நடந்தேன். கண்ணாடிக் கதவிட்ட கடை ஒன்றின் வாயிலில் வண்ணப் பலகை. “இலையுதிர்கால விருந்து! உள்ளூர் இயற்கைப் பண்ணைகளின் காய்கனிகள்!” உள்ளே, மூங்கில் தட்டில், வாழையிலை விரித்து, அதன்மேல் அதே அவரை, அதே பாகல், அதே சீத்தாப்பழம். விலை மட்டும் அதே அன்று. இரு மடங்கிற்கும் சற்று மேல். இரண்டு இடத்திலும் கால் கிலோ அவரை வாங்கி வந்து வீட்டில் தனித்தனியே பொரியல் செய்யச் சொன்னேன். என் நாவுக்கு வேறுபாடு தெரியவில்லை. அது அவரையின் குறையன்று, என் நாவின் குறையாகவும் இருக்கலாம்.

நாவைவிட நெஞ்சு கேட்ட கேள்விதான் பெரிதாயிற்று. தோழர்களே, இந்த இரண்டில் எதை வாங்குவது அறம்? ‘நஞ்சில்லா உணவு, நம் மண்ணின் உணவு, பருவத்து உணவு’ என்ற முழக்கம் இன்று நம் இளைஞர் பலரையும் ஈர்த்திருக்கிறது. அதில் உண்மை எவ்வளவு, ஆசாரம் எவ்வளவு? உண்மை உண்டென்றால், அந்த உண்மை யாருடைய நன்மையைப் பற்றியது?

பலகையின் சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். இலையுதிர் காலம்! பள்ளிப் பாடநூலில் நாம் எல்லோரும் படித்ததுதான். ஐப்பசியில் புதுவையில் எந்த இலை உதிர்கிறது, ஐயா? இந்த மழையில் வேம்பும் பூவரசும் குளித்துத் தழைத்து நிற்கின்றன. நம் ஊர் மரங்கள் இலை உதிர்ப்பது மாசியில், பங்குனியில். பாரிசில் உதிரும் இலையை நாம் இங்கே பெருக்கிக்கொண்டிருக்கிறோம்! ஆவணி புரட்டாசியைக் கார் என்றும், ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும் தமிழ் இலக்கணம் என்றோ பெயரிட்டு வைத்தது. கூதிர் என்ற சொல்லைப் புலவர் வகுப்போடு பூட்டி வைத்துவிட்டோம். பலகை எழுதுகிறவன் வேறு சொல் தேடிப் போகிறான்.

பெயர் வைத்தார்கள் முன்னோர், நன்று. அந்தப் பெருமையிலேயே படுத்துறங்கிவிடலாகாது. ஏன் கூதிரில் அவரை காய்க்கிறது? பன்னிரண்டாம் பாகைக்கு அருகே, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அமைந்த ஊர் புதுவை. ஆனியின் நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் இங்கே ஒன்றரை மணி நேர வேறுபாடுகூட இல்லை. நமக்கு அது கண்ணிலும் படாது. அவரைக் கொடிக்குத் தெரியும்! ஆடியில் விதைத்த நாட்டு அவரை பந்தலேறி, பச்சைப் பசேலெனப் படர்ந்து, பூக்காமல் காத்திருக்கும். புரட்டாசி கழிந்து இரவு நீளத் தொடங்கியதும் பூவெடுக்கும். ஞாயிற்றைச் சுற்றும் நிலவுருண்டையின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வின் விளைவு நம் சட்டியில் பொரியலாக வந்து நிற்கிறது. எந்தத் தேவனும் அவரைக்கு ஆணையிடவில்லை. இரவின் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்தவரை வகைகளை வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிவிட்டன. அவை ஆண்டு முழுதும் காய்க்கின்றன. ஆகவே பருவம் புனிதமானதும் இல்லை, மீற முடியாததும் இல்லை. அது ஒரு வசதி. மீறலாம், மீறுவதற்கு நீரும் உரமும் நஞ்சும் குளிர் கிடங்கும் லாரியும் செலவாகும். பருவத்தில் உண்பதற்குப் பகுத்தறிவு தரும் காரணம் இந்தக் கணக்குத்தான்.

அந்தக் கணக்கும் எப்போதும் ஒரே விடை தருவதில்லை. பருவத்தில் விலை மலியும் என்பார்கள். கூதிர்க்காலப் புதுவையில் கேட்டுப் பாருங்கள்! ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. கீரை அழுகும், தக்காளி வெடிக்கும், முருங்கை பூவுதிர்ந்து, மார்கழியில் தங்கத்தோடு போட்டியிடும். 2021 நவம்பரில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது பலருக்கு நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது, புதுவையில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வர, பாகூர் வயல்கள் குளமாயின. பருவத்தைப் பாடுவது எளிது. பருவத்தோடு வாழ்கிறவர்களுக்கு அது பாதி நாள் பகைவன்.

அடுத்த முழக்கம், ‘நம் மண்ணின் காய்கனி’. மூதாட்டியின் தார்ப்பாயைப் பார்ப்போம். சீத்தாப்பழம்: சீதையின் பெயரைச் சுமக்கிறது, காட்டில் இராமனும் சீதையும் உண்டார்களெனக் கதையும் கட்டிவிட்டார்கள். பிறந்த மண்ணோ அமெரிக்கா! போர்த்துகீசியர் கப்பலேறி வந்த பழம். கொய்யா அப்படியே. பப்பாளி அப்படியே. மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையல் உண்டா? ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் மிளகாய்ச் செடி ஒன்றுகூட இல்லை. பரங்கிக்காயோ, ஒளிவு மறைவின்றித் தன் பெயரிலேயே ஒப்புக்கொள்கிறது, நான் பரங்கியன் கொண்டுவந்தவன் என்று. பிரெஞ்சுக் கொடி 1954 நவம்பர் முதல் நாள் இறங்கியது. 1962இல் சட்டப்படியும் பரங்கியர் ஆட்சி முடிந்தது. பரங்கிக்காய் மட்டும் குடியுரிமை பெற்றுத் தங்கிவிட்டது. யாரும் வருந்தவில்லை.

வைதிக வீடுகளின் திவசச் சமையலைக் கவனித்ததுண்டா? முட்டைகோசு ஆகாது, காரட்டு ஆகாது, உருளைக்கிழங்கு ஆகாது, தக்காளி ஆகாது, மிளகாயும் ஆகாது. அவை மிலேச்சக் காய்கள், பிதிரர் ஏற்கமாட்டார்களாம். மிளகுதான் போடவேண்டும். அதே பட்டியலில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குப் பல வீடுகளில் தாராள இடம்! அது எந்த ஆரிய வர்த்தத்தில் முளைத்தது? அதுவும் அமெரிக்கக் கிழங்கே. சற்று முன்னதாக வந்து, சற்று அடக்கமாக அடுக்களைக்குள் நுழைந்துவிட்டது. பிதிரரும் பேசாமல் உண்டுவிட்டனர்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரித்து முடித்தபின் நம்மையும் பார்த்துக்கொள்ளுங்கள். “நாட்டுக்காய் மட்டுமே உண்பேன், அதுதான் தமிழனின் உணவு” என்று மார்தட்டும் நம் இளைஞன், திவசப் பட்டியலை மறுபடி எழுதுகிறான் என்பதை உணர்வதில்லை. ஒரு காயின் தகுதியை அதன் பிறப்பை வைத்து அளப்பது, வேறு எங்கோ நாம் கேட்ட நியாயமல்லவா? பிறப்பை வைத்து மனிதனை அளக்காதே என்று முழங்கும் நாம், பிறப்பை வைத்துப் பரங்கிக்காயை விலக்கலாமா?

பூசணியைப் பற்றி ஒரு சொல், பேச்சு அந்தப் பக்கம் வந்துவிட்டதால். சாம்பல் பூத்த வெண்பூசணி கார்காலத்தில் திரண்டு விளையும்; மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும்; ஏழைக்கு உற்ற துணைக்காய். அதற்கு நேரும் கதி என்ன? ஆயுத பூசையன்று நேரு வீதியில் இரவு பத்து மணிக்கு நடந்து பாருங்கள். கடைக்குக் கடை, பட்டறைக்குப் பட்டறை, வயிற்றைக் கிழித்துக் குங்குமம் கொட்டி, உள்ளே காசும் போட்டு, கண்ணேறு கழிக்கிறோமென நடுத்தெருவில் உடைக்கிறார்கள். காலையில் அந்தச் சதைமேல் சறுக்கி விழும் ஈருருளிக்காரனுக்கு யார் கண்ணேறு கழிப்பது? உள்ளே கிடக்கும் காசுக்காகக் கைநீட்டும் சிறுவர்கள், அந்தக் காயையே கூட்டாக உண்ணவேண்டிய வயிறுள்ளவர்கள். ஒரு வெள்ளாண்மைப் பருவத்தின் விளைச்சல், ஒரே இரவில், ஊர் முழுதும் சக்கரத்தின் கீழ்! இந்தப் பூசணி இயற்கை உரத்தில் விளைந்ததா, செயற்கை உரத்தில் விளைந்ததா என்று எவரும் கேட்பதில்லை. பேய்க்குச் சான்றிதழ் தேவையில்லை போலும்.

இனி, மூன்று முழக்கங்களில் வலியது: நஞ்சில்லா உணவு. இதில்தான் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கடையில் என்னோடு நின்றவர் ஒருவர், நன்கு படித்தவர், நல்லவரும்கூட. “உடம்புதானே சார் கோயில், அதுக்குள்ளே விஷம் போகலாமா?” என்றார். விடை சொல்லத் தோன்றவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு நிறைவு. வீடு திரும்பும் வழியில்தான் அந்தக் குரலை முன்பு எங்கே கேட்டோமென விளங்கிற்று. மடித்துணி உடுத்தி, பிறர் கை படாமல், பிறர் கண் படாமல் உண்ட ஒருவரின் குரல் அது! முன்பு, எவர் தொட்டார் என்பதால் உணவு தீட்டாயிற்று. இப்போது, எது தொட்டது என்பதால் தீட்டாகிறது. முன்னேற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன், நஞ்சு மெய்யாகவே உடலைக் கெடுக்கும், தீண்டல் கெடுக்காது. ஆயினும் இரண்டிலும் கவலை ஒன்றே: என் வாய், என் வயிறு, என் தூய்மை. தட்டுக்கு வருமுன் அந்தக் காயைத் தொட்ட கை எங்கே? முன்பு அதை விலக்கினார்கள். இப்போது அதை மறந்தேவிட்டார்கள்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்கிறேன். மூதாட்டியிடம், “இதற்கு மருந்து அடித்ததா அம்மா?” என்று கேட்டேன். மருந்து! நஞ்சுக்கு நம் உழவர் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். வயலில் தெளிப்பதும் மருந்து. கடன் கழுத்தை நெரிக்கும்போது வீட்டு மூலையில் எடுத்துக் குடிப்பதும் மருந்து.

“அவரைக்கு ரெண்டு தரம் அடிச்சது தம்பி. அசுவினி விட மாட்டேங்குது. பாவக்காய்க்கு அடிக்கலை.”

“யார் அடிப்பது?”

“முன்னே எங்க ஊட்டுக்காரரு. கூலிக்கும் போவாரு, பத்து காணியானாலும் முதுவுல டாங்கியைக் கட்டிக்கிட்டு. அடிச்ச அன்னிக்குச் சோறு எறங்காது. ராத்திரியெல்லாம் வாந்தி. அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. இப்போ மவன் அடிக்கிறான்.”

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு அவரையை நிறுக்கத் தொடங்கினார்.

2017ஆம் ஆண்டில், இதே பருவத்தில், மராட்டிய மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில் நிகழ்ந்ததை நினைவூட்டுகிறேன். பருத்திச் செடி அந்த ஆண்டு ஆளுயரம் வளர்ந்திருந்தது. கீழ்நோக்கித் தெளிக்கும் நஞ்சு முகத்துக்கு நேரே வந்தது. முகமூடியில்லை, கையுறையில்லை, பலருக்குச் சட்டைகூட இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட உழவரும் கூலிகளும் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனை சென்றனர். சிலர் கண்ணொளி மங்கித் திரும்பினர். எண்ணிப் பாருங்கள்: பருத்தியை எவரும் உண்பதில்லை! ‘நஞ்சில்லா உணவு’ என்ற முழக்கத்தின் எல்லைக்குள் அந்த இருபது பேர் வரவே மாட்டார்கள். உண்பவரின் தூய்மையை அளவுகோலாகக் கொண்டால், யவத்மாலில் ஒன்றும் நடக்கவில்லை.

ஆகவே சொல்கிறேன்: இயற்கை வேளாண்மைக்கு ஓர் அறம் உண்டென்றால், அது தெளிப்பவனின் நுரையீரலில் தொடங்கவேண்டும். அவரையின் தோலில் ஒட்டியிருக்கும் நஞ்சு, கழுவி வேக வைத்தபின், எனக்கு எஞ்சுவது துளியினும் துளி. முதுகில் டாங்கியைச் சுமந்தவனுக்குத் துளிக் கணக்கில்லை, குடக் கணக்கு. நஞ்சு முதலில் சேர்வது அவனிடம், அடுத்து அவன் கிணற்றில், அடுத்து அவன் ஆட்டில். கடைசியில்தான், மெலிந்து, மூங்கில் தட்டுக்கு. கடைசியில் நிற்பவருக்கே முதல் பாதுகாப்பு கிடைக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம்!

இயற்கை என்பதனாலேயே நன்று என்பதும் இல்லை. அரளி விதை இயற்கைதான். ஊமத்தை இயற்கைதான். பஞ்சகவ்யத்தின் கதை இன்னும் சுவையானது. கடல் கடந்து சென்று திரும்பியவனைத் தீட்டுக் கழிக்கக் குடிப்பித்த அந்த ஐந்தின் கலவை இன்று கத்தரிக்குத் தெளிக்கப்படுகிறது. தெளிக்கட்டுமே! கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதையும் சோதனைக்கு உட்படுத்தத்தான் செய்தது. சாணத்தில் நுண்ணுயிர் உண்டு, பாலிலும் தயிரிலும் உண்டு. பயிருக்கு அது பயன்பட்டால் பயன்படுத்துவோம், பயன்படாவிட்டால் கொட்டிவிடுவோம். வேண்டாதது ஒன்றே: பெயரைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வது. எதிரணியில் நின்று, பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பதும் அதே பிழைதான் என்பதை நம்மவர்க்கும் சொல்லிவைக்கிறேன்.

நம்பிக்கை வேறு, சோதனை வேறு என்பதற்கு அண்டை நாடே சாட்சி. இலங்கையில் 2021ஆம் ஆண்டு, செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் இறக்குமதியாவதை அரசு ஒரே ஆணையால் தடுத்தது. நாடு முழுதும் ஒரே பருவத்தில் இயற்கை வேளாண்மைக்கு மாறவேண்டுமாம்! சாணம் எங்கே, தழை எங்கே, பயிற்சி எங்கே? நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை சரிந்தது, அவ்வாண்டு முடியுமுன்பே ஆணையைத் தளர்த்தவேண்டியதாயிற்று. ஓர் உழவன் தன் நிலத்தை மாற்றவே ஆண்டுகள் ஆகும். இந்திய அரசு 2001இல் கொண்டுவந்த சான்றளிப்பு முறையே, ஓராண்டுப் பயிருக்கு இரண்டாண்டும், பல்லாண்டுப் பயிருக்கு மூன்றாண்டும் மாற்றுக் காலமென விதிக்கிறது. அந்த இரண்டாண்டு உழவன் எதை உண்பான் என்பதற்கு அந்த விதியில் விடையில்லை. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து அரசுப் பணியை உதறிவிட்டு ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார், உழவனைக் கடனிலிருந்து மீட்பதையே முன்வைத்துப் பேசினார். அந்தப் பேச்சுக் கடைப்பலகையில் ஏறும்போது, கடன் உதிர்ந்துபோய், கனி மட்டும் நிற்கிறது.

விலைக்கு வருவோம். இரு மடங்கு விலை கொள்ளையென்று சிலர் கூறுவர். அவசரப்படாதீர்கள். களைக்கொல்லி அடித்தால் அரை நாளில் ஒருவன் முடிப்பான். கையால் பறித்தால் பத்துப் பெண்கள் குனிந்தபடி பகல் முழுதும் பறிக்கவேண்டும். குப்பை மக்கவேண்டும், சுமக்கவேண்டும், இறைக்கவேண்டும். அந்த உழைப்புக்கு உரிய கூலி கொடுத்தால் காய் விலை ஏறத்தான் செய்யும்; ஏறவேண்டும்! மலிவான அவரை எங்கோ ஒருவர் வயிற்றில் அடித்துத்தான் மலிவாகிறது. ஆனால் விலை ஏறினால், களை பறித்த அந்தப் பத்துப் பெண்களில் ஒருவராலும் அந்த அவரையை வாங்க முடியாது. கூலியை நினைத்தால் விலை ஏறவேண்டும்; பசியை நினைத்தால் விலை இறங்கவேண்டும். எனக்கு உறக்கம் கெட்டது இந்த முடிச்சினால்தான். பூசணியும் பிதிரரும் இதன்முன் வெறும் வேடிக்கை. ஏறிய விலை கூலியாகச் சேர்கிறதா, வாடகையாகவும் வாழையிலை அலங்காரமாகவும் கரைகிறதா என்பதாவது வாங்குபவருக்குத் தெரியவேண்டாமா? முத்திரை மண்ணைப் பற்றிச் சொல்கிறது, எருவைப் பற்றிச் சொல்கிறது. பறித்தவளின் நாட்கூலியைச் சொல்வதில்லை.

புதுவைக்கு வடக்கே செம்மண் மேட்டில், 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியது. அவர்களுடைய மெய்யியல் எனக்கு ஒவ்வாதது. ஆனால் செய்த வேலையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. மரமற்று, மழைதோறும் அரித்து, சிவந்த நீராகக் கடலில் கலந்துகொண்டிருந்த நிலம் அது. வரப்புக் கட்டி, நீரைத் தேக்கி, காடு வளர்த்து, பண்ணைகள் அமைத்தார்கள். இவ்வளவும் செய்த பின்பும் தம் உணவின் ஒரு பகுதியைத்தான் அவர்களால் அங்கே விளைவிக்க முடிகிறது. நஞ்சின்றி ஊருக்கே சோறிடுவது எவ்வளவு கடினமென்பதற்கு இதைவிட நேர்மையான சான்று வேண்டுமா? அந்த வரப்புகளில் மண் சுமந்தவர்களில் குயிலாப்பாளையத்தாரும் இடையன்சாவடியாரும் உண்டு. அதே 1968ஆம் ஆண்டு முடியுமுன், டிசம்பர் 25 இரவில், தஞ்சைத் தரணியின் கீழ்வெண்மணியில், கூலி நெல் அரைப்படி உயர்த்திக் கேட்ட உழைப்பாளர் குடும்பங்களில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. அவர்கள் அறுத்த நெல் பழைய விதையா புதிய விதையா, எரு இட்டதா உரம் இட்டதா என்பதெல்லாம் அந்தத் தீயின்முன் என்ன கேள்வி!

உணவு யாருக்கு என்ற கேள்வியை இந்தப் புதுவை மிகப் பச்சையாகவே ஒருமுறை சந்தித்திருக்கிறது. அதுவும் கூதிர்க் காலத்தில்தான். 1760ஆம் ஆண்டு. ஆங்கிலத் தளபதி கூட் ஊரைச் சூழ்ந்து முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே தானியம் குறைகிறது. நவம்பர் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஒரு முடிவு செய்கிறான்: வெள்ளையர் வீட்டு வேலைக்கு வேண்டிய சிலரை மட்டும் நிறுத்திக்கொண்டு, உள்ளூர் மக்கள் ஏறத்தாழ 1,400 பேரை, ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, கோட்டைக்கு வெளியே துரத்து! அவர்கள் ஆங்கிலேயர் அணியை நோக்கி நடந்தார்கள், அங்கே தடுத்தார்கள். கோட்டைக்குத் திரும்பினார்கள், அங்கே சுட்டார்கள். இரண்டு படைக்கும் நடுவே, மழைக்கால வெட்டவெளியில், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றபடி எட்டு நாள். பிறகே கூட் மனமிரங்கி வழிவிட்டான். அடுத்த ஜனவரியில் கோட்டை வீழ்ந்தது. நான் ஆயிரம் முறை நடந்த தெருக்கள் இவை. கண்ணாடிக் கதவிட்ட அந்தக் கடைக்கு எதிரே நின்றபோது, அந்த 1,400 பேர் என் எண்ணத்தில் ஏன் வந்தார்கள் என்று வாசகர் கேட்கலாம். இன்று எவரும் எவரையும் கோட்டைக்கு வெளியே துரத்தவில்லை. விலைச்சீட்டு ஒன்றைத் தொங்கவிட்டால் போதுமானதாக இருக்கிறது.

முடிச்சை அவிழ்க்க வழியே இல்லையா? இருக்கிறது, இதே ஊரில் ஒருமுறை பாதி அவிழ்த்தும் இருக்கிறார்கள். 1930ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு ஆட்சி புதுவைப் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கிற்று. அதற்கும் முன்பே, 1920இல், தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறிட்டது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ட அந்தப் பந்தியைக் கண்டு அஞ்சியவர் எத்தனை பேர்! தீட்டை உடைத்த அந்தப் பந்தியையே இன்று நஞ்சை உடைக்கும் கருவியாகக் கொள்ள முடியாதா? கார்த்திகையில் அவரை மலியும்போது பள்ளிச் சாம்பாரில் அவரை. புரட்டாசியில் கொய்யா பழுக்கும்போது பிள்ளைக்கு ஒரு கொய்யா. பூசணி தெருவுக்குப் போகுமுன் கூட்டுக்கு. விலையை உழவருக்கு உரியபடி அரசு கொடுக்கட்டும். தட்டில் அது விலையின்றி விழட்டும். நஞ்சு அடிக்காத வயலுக்கு மாறும் அந்த இரண்டாண்டுக்கு, விளைந்ததை வாங்க உறுதியான ஓரிடம் இருக்கிறதென்றால், மூதாட்டியின் மகன் முதுகிலிருந்து டாங்கியை இறக்கி வைக்கத் துணிவான்.

ஒப்பந்தக்காரர் கலப்படம் செய்வார், மழையில் சரக்கு வராது, கணக்கில் ஓட்டை விழும் என்று சொல்லப்படும். விழும். முட்டையிலும் விழுந்தது, பருப்பிலும் விழுந்தது. அதற்காக முட்டையை நிறுத்தவேண்டுமென்று எந்தத் தாயும் கேட்கவில்லை.

மறுநாளும் மழை. மறுநாளும் போனேன். அவரை தீர்ந்திருந்தது. சீத்தாப்பழம் ஏழெட்டு, அளவுக்கு மீறிப் பழுத்து, வெடித்து, எவரும் தொடாமல் கிடந்தது. அந்த மரத்துக்கு மருந்தே அடித்ததில்லையாம். வேலியோரம் தானாக முளைத்ததாம்.

“இதைக் கடற்கரைப் பக்கம் கடையிலே கொடுத்தா நல்ல விலை வருமே அம்மா?”

“கேட்டுப் பார்த்தேன். காயிதம் இருக்கான்னாங்க.”

நேரடியாக விற்கும் சிறு உழவருக்கு, ஆண்டு வரவு 12 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டால், அந்தக் காகிதம் தேவையில்லையென உணவுப் பாதுகாப்பு ஆணையம் விலக்களித்திருக்கிறது என்று விளக்கினேன். பன்னிரண்டு இலட்சம் என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்தார். வெடித்த பழங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக் கூடையில் அடுக்கினார். பேரன் நான்காவது படிக்கிறானாம், பள்ளிவிட்டு வந்ததும் பழம் இருக்கிறதா என்றுதான் கேட்பானாம். மூன்று மணிப் பேருந்து நின்றது. கூடையைத் தலைக்கு ஏற்றிவிடச் சொன்னார், ஏற்றிவிட்டேன்.